எந்தக் காடி என்பது இரண்டாவது கேள்வி

காலை ஐந்தேகால் மணி. புக்கிட் அசகான் பக்கத்துத் தோட்டத்து முச்சந்தியில், செம்பனை மரங்களின் இருட்டில், கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு ஒரு தங்கச்சி நிற்கிறாள். பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் ஏழு மணிக்கு ஷிப்ட். கம்பெனி பஸ் உள்சாலைக்குள் வராது. பெரிய சாலை வரைக்கும் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட வேண்டும். மழை பிடித்தால் அன்றைய சம்பளம் சந்தேகம்தான். ஜாசின், மெர்லிமாவ், செலாண்டார், அலோர் காஜா வட்டாரங்களில் இதே கதை வீட்டுக்கு வீடு நடக்கிறது.

தாத்தா பாட்டி காலத்தில் இந்தக் கவலை இல்லை. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு நடந்தே போனார்கள். வேலை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. இன்று வேலை ஆயர் குரோவிலும் செங்கிலும் தஞ்சோங் கிளிங்கிலும் இருக்கிறது. ரயிலும் கிடையாது. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டத்துச் சனங்களையும் அதே பாதைக்குத்தான் கொண்டுபோனார்கள். தண்டவாளம் திரும்பவில்லை, போனவர்களில் பலரும் திரும்பவில்லை. ரயிலில் மலாக்காவுக்கு வருகிறவர் இன்றைக்கும் புலாவ் செபாங்கில்தான் இறங்க வேண்டும்.

ஆக, தோட்டத்துக் குடும்பத்துக்குப் பழைய காடி ஆடம்பரம் இல்லை. அதை வைத்துத்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டிய அவசரத்தில் வாங்குகிறோம். அந்த அவசரம் விற்கிறவருக்கும் தெரியும்.

"மைவி எடுக்கலாமா, சாகா எடுக்கலாமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. யாரிடம் வாங்குகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. ஆள் மாறினால் நமக்குப் பின்னால் நிற்கும் சட்டமும் மாறிவிடுகிறது.

மூன்று வாசல்கள்

முதல் வாசல், பழைய காடிக் கடை. வியாபாரமாக விற்கிறவரிடம் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கினால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 துணைக்கு வரும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 32ஆவது பிரிவு. பழைய காடிக்குப் புதுக் காடியின் தரத்தைக் கேட்க முடியாது. கொடுத்த விலை, காடியின் வயது, விற்பவர் சொன்ன வாக்கு எல்லாவற்றையும் வைத்துத்தான் தரத்தை அளப்பார்கள். ஒரு குறையை முன்கூட்டியே எடுத்துக் காட்டி, நாமும் சரியென்று வாங்கியிருந்தால், அதே குறைக்காகப் பிறகு சண்டை போட முடியாது. ஆனால் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பிறகு எந்தப் பொறுப்பும் இல்லை" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடைக்காரர் தப்பிவிட முடியாது. சட்டம் கொடுத்த உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது.

இரண்டாம் வாசல், தனியாள். பக்கத்துத் தோட்டத்து மாமா, சித்தப்பாவின் கூட்டாளி, ஃபேஸ்புக்கில் படம் போட்டவர் எல்லாரும் இந்த வாசலில்தான் நிற்கிறார்கள். விலை குறையும், பாதுகாப்பும் குறையும். வியாபாரி அல்லாதவர் மேல் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. பொய் சொல்லி விற்றிருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின்படி சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். உறவுக்காரரிடம் தாள் கேட்க நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் பிற்பாடு பேச்சுவார்த்தையே இல்லாமல் ஆக்குகிறது.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. தனியாள் போலப் பேசுகிற சிலர் உண்மையில் புரோக்கர்கள். "என் அக்கா காடி, அவர் வெளியூர் போகிறார்" என்பார்கள். அதே எண்ணில் நாலு காடி விளம்பரம் ஓடுகிறதா என்று தேடிப் பாருங்கள். காடியின் உரிமைப் பத்திரமான கிராண்டில் உள்ள பெயருக்கு உரியவரை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் வாசல், சம்போங் பாயார். ஒருவர் வங்கிக் கடனில் எடுத்த காடியை, மீதித் தவணையை நாம் கட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொள்வது. முன்பணம் கொஞ்சம்தான், சம்பளத் தாள் கேட்க மாட்டார்கள், அன்றைக்கே சாவி கிடைக்கும். ஆனால் கடன் முடியும்வரை அந்தக் காடி வங்கியின் சொத்து. வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இன்படி குற்றம். நீங்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கொடுத்தாலும், அந்தப் பணத்தை வாங்கிக்கொள்பவர் வங்கியில் கட்டாமல் விட்டால் காடியை இழுத்துக்கொண்டு போவார்கள். கிராண்டில் உங்கள் பெயர் இல்லை. காப்புறுதியும் உங்கள் பெயரில் இல்லை. சம்மன் எல்லாம் பெயருக்குரியவர் வீட்டுக்குப் போகும். அவர் புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்லப் போகிறவர் நீங்கள். இந்த வாசலுக்குள் நுழையவே நுழையாதீர்கள்.

கண்ணாடியில் எழுதிய விலை

முன்கண்ணாடியில் சுண்ணாம்பில் எழுதியிருப்பது வாங்கும் விலை மட்டும். வைத்துக்கொள்ளும் விலையை நாம்தான் கணக்குப் போட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பெரிய காடியிடம்தான் நம் பிள்ளைகள் மயங்கிவிடுகிறார்கள்.

தீபகற்பத்தில் தனியார் காடிக்கு ரோட் டேக்ஸ் 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி. கான்சில், கெலிசா, 1.0 விவா, அக்சியா எல்லாம் இதில் அடங்கும். 1.3 மைவிக்கும் 1.3 சாகாவுக்கும் 70 வெள்ளி, 1.6 வாஜாவுக்கு 90 வெள்ளி. பழைய 2.4 அக்கார்டுக்கு 734 வெள்ளி. அந்த அக்கார்டு ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

எண்ணெய்க் கணக்கும் அப்படித்தான். வீட்டிலிருந்து வேலைக்குப் போக 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 70; மாதம் 26 நாள் என்றால் 1,820 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் சின்னக் காடி 114 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 10 ஓடும் பெரிய காடி 182 லிட்டர் குடிக்கும். மாதம் 68 லிட்டர் வித்தியாசம் பல வீட்டில் ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு.

பொருள் எங்கே கிடைக்கும் என்றும் பாருங்கள். புரோட்டோன், புரோடுவா பொருள்கள் ஜாசின் கடைவீதியிலேயே கிடைக்கும். எந்தப் பட்டறைப் போர்மனுக்கும் கைவந்த வேலை. 2005இல் வந்த முதல் தலைமுறை மைவியின் 1.3 இன்ஜினில் டைமிங் செயின். சாகாவின் கேம்ப்ரோ இன்ஜினில் டைமிங் பெல்ட். அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று ரசீதோடு கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். சிவிடி கியர்பெட்டி உள்ள பழைய காடியில் கியர் கோளாறு வந்தால், பழுது பார்க்கும் செலவு காடி விலையையே தொட்டுவிடும். தோட்டத்துச் சாலைக்கு மேனுவல் கியர் அவமானம் இல்லை.

தொட்டுப் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய கான்சிலின் மீட்டர் எழுபதாயிரத்துச் சொச்சம் காட்டியது. மெழுகு போட்டுத் துடைத்து மாப்பிள்ளை போல நிறுத்தியிருந்தார்கள். வாங்கிய மூன்றாம் வாரம் பட்டறைக்குப் போனேன். வயதான போர்மன் கதவைத் திறந்து கீழே குனிந்து பிரேக் மிதியைக் காட்டினார். ரப்பரின் வலது பக்கம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. "தம்பி, எழுபதாயிரம் ஓடின கால் இப்படித் தேய்க்காது" என்றார். மீட்டரைக் குறைத்திருந்தார்கள். இரண்டு லட்சமாவது ஓடியிருக்கும் என்பது அவர் கணக்கு.

அன்று கற்ற பாடத்தை இன்றும் யாருக்குக் காடி பார்க்கப் போனாலும் செய்கிறேன். மிதி ரப்பர், ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகிய மூன்றும் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். அடுத்து, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அதன் அடிநுனியைப் பார்ப்பேன். மண் கறை இருந்தால் வெள்ளத்தில் முங்கிய காடி. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் எத்தனை காடிகள் நீரில் கிடந்தன என்பதை நாடே பார்த்தது. வெள்ளத்தில் கிடந்த காடி கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாநிலத்தில் விலைக்கு நிற்கலாம். பின்பெட்டிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்பேர் டயர் குழியைத் தடவுங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள்.

கதவு ஓர ரப்பரைக் கொஞ்சம் உரித்தால் தகட்டில் வட்ட வட்டமாகப் பற்றவைத்த புள்ளிகள் ஒரே சீராகத் தெரியும். ஒரு பக்கம் புள்ளியே இல்லாமல் மாவு பூசியது போல் இருந்தால், பெரிய விபத்தில் மாட்டியது; இரண்டு காடியை வெட்டி ஒட்டியதாகக்கூட இருக்கலாம். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்துவிட்டார்கள், ஏன் என்று கேளுங்கள். எண்ணெய் மூடியின் அடியில் பால் ஆடை போலப் படிந்திருந்தால் தண்ணீர் கலந்த அறிகுறியாக இருக்கலாம். போர்மனிடம் காட்டாமல் வாங்காதீர்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது.

ஏர்பேக் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில் 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியின் தக்காத்தா ஏர்பேக் வெடித்து, சிதறிய உலோகத் துண்டு ஒரு கர்ப்பிணியின் உயிரைப் பறித்தது. உயிரைக் காக்க வைத்த பையே உயிரை எடுத்தது. இந்தக் குறையுள்ள ஏர்பேக்கை இலவசமாக மாற்றிக் கொடுக்கிறார்கள். பழைய ஹோண்டா வாங்குவதாக இருந்தால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, மாற்றியாகிவிட்டதா என்று நிறுவனத்திடம் கேட்ட பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பணம் கைமாறும் முன்

பெயர் மாற்றத்துக்கு முன் பி5 பரிசோதனை, கடனில் வாங்கினால் பி7 பரிசோதனை. பரிசோதனையில் தேறிய தாளைக் கண்ணால் பாருங்கள். அது இன்ஜினுக்கோ கியருக்கோ உத்தரவாதம் இல்லை. நம்பகமான போர்மனுக்கு ஒரு தொகை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவது வீண்செலவு ஆகாது.

காடி மேல் வங்கியின் உரிமைக் குறிப்பு இருக்கிறதா, சம்மன் பாக்கி இருக்கிறதா என்பதை விற்பவர் தன் கைத்தொலைபேசிச் செயலியை உங்கள் முன்னால் திறந்து காட்டட்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் பெயர் மாறாமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். பழைய உரிமையாளரின் காப்புறுதியை நம்பி ஓட்டாதீர்கள். உங்கள் பெயரில் எடுங்கள். கோரிக்கை செய்யாததற்கான தள்ளுபடி ஆளோடு போவது, காடியோடு வராது.

கடன் என்றால், காலித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் குறைந்தது பத்தில் ஒரு பங்கு என்பது சட்டம். ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். தவணை தவறிவிட்டால் உடனே காடியை இழுத்துக்கொண்டு போக முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவற வேண்டும்; 21 நாள் எழுத்து அறிவிப்பு கொடுக்க வேண்டும். 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை வேண்டும். சாலையில் மறித்து நிற்கும் ஆளிடம் முதலில் அவருடைய அனுமதி அட்டையைக் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால்

கடையில் வாங்கிய காடி பழுதானால், முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் போதும், பேச்சு போதாது. கடைக்காரருக்குத் தெரியாமல் வேறு பட்டறையில் பிரித்துப்போட்டுவிட்டால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும். பழுதைப் போர்மனிடம் எழுதி வாங்குங்கள். விளம்பரப் படம், ரசீது, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள்.

கடைக்காரர் தட்டிக்கழித்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பைக் கடைக்காரர் 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றம். மீட்டரைக் குறைத்து விற்றது வணிக விவரிப்புச் சட்டம் 2011இன்படி பொய் விவரிப்பு. நிறுவனம் அல்லாத விற்பனையாளருக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கலாம். உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இன்னொரு உரிமையும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்குச் சந்தா கட்டும் தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்தில் மாட்டினால், அதுவும் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்து, அதன் நகலை முதலாளியிடம் கொடுங்கள்.

கூட ஒரு வாரம் பஸ்ஸுக்கு நிற்பது கஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் கிராண்டையும் சேசிஸ் எண்ணையும் கடைக்காரரையும் சரிபார்த்துவிடலாம். ரசீது தர மறுக்கிறவரிடம், கிராண்டுக்குரியவரைக் காட்ட மறுக்கிறவரிடம், போர்மனைக் கூட்டி வர வேண்டாம் என்கிறவரிடம் காடி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.