டி செல் எப்போது களமிறங்குகிறது?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்கிறது. புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். அங்கே கையில் தட்டுப்படுவது நிணநீர் முடிச்சு. நம் உடலில் இப்படி ஏறத்தாழ 600 முடிச்சுகள் இருக்கின்றன. பக்கத்தில் எங்கே தொற்று ஏற்பட்டாலும், அதற்கு ஏற்ற டி செல்கள் இங்கேதான் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. வீக்கத்துக்கு அந்தப் பெருக்கமும் ஒரு காரணம்.

டி செல் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கிறது. இந்தச் சுரப்பி எதற்கு என்றே நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடனேயே சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை தொற்றுகளுக்கு எளிதில் இரையாயின. வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட எதிர்ப்புக் காட்டாமல் ஏற்றுக்கொண்டன.

ஒவ்வொரு டி செல்லின் மேலும் ஓர் ஏற்பி இருக்கிறது. அதன் வடிவத்தை மரபணுத் துண்டுகளின் தற்செயலான சேர்க்கை தீர்மானிக்கிறது. அதனால் இதுவரை உலகில் தோன்றாத கிருமிக்குக்கூடப் பொருந்தும் ஏற்பி நம்மிடம் இருக்க வாய்ப்புண்டு. கூடவே ஓர் ஆபத்தும் உண்டு: சில ஏற்பிகள் நம் உடலுக்கே பொருந்திவிடும். அப்படிப்பட்ட செல்களில் பெரும்பாலானவற்றைத் தைமஸ் அழித்துவிடுகிறது. ஆனாலும் சில தப்பி வெளியே வந்துவிடுகின்றன. ஆகவே ஏற்பியில் ஏதோ பொருந்திவிட்டது என்பதை மட்டும் நம்பி டி செல்லைத் தாக்குதலுக்கு அனுப்ப முடியாது.

இனி அந்த முள் குத்திய இடத்துக்கு வருவோம். தோலுக்குள் டென்ட்ரைட்டிக் செல்கள் கிளை விரித்துக் காத்திருக்கின்றன. உள்ளே வந்த பாக்டீரியாவை விழுங்கி, அதன் புரதத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, எம்.ஹெச்.சி. என்ற மூலக்கூறில் ஏற்றித் தம் மேற்பரப்பில் வைக்கின்றன. பிறகு நிணநீர் வழியாகத் தொடை இடுக்கின் முடிச்சுக்குப் பயணப்படுகின்றன. 1973இல் இந்தச் செல்லை அடையாளம் கண்டு பெயரிட்டவர், நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஸ்டைன்மன். 2011இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் முன்புதான் அவர் கணையப் புற்றுநோயால் இறந்திருந்தார்.

முடிச்சுக்குள் நடப்பது பெரும் தேடல். குறிப்பிட்ட ஒரு புரதத் துண்டுக்குப் பொருந்தும் டி செல், லட்சத்தில் ஒன்றாகவோ அதனினும் அரிதாகவோ இருக்கும். டி செல்கள் முடிச்சு முடிச்சாகச் சுற்றி வருகின்றன. ஒரு டென்ட்ரைட்டிக் செல் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரக்கணக்கான டி செல்களைச் சந்திக்கிறது. பொருந்தாதவை சில நிமிடங்களில் விலகிப் போகின்றன. பொருந்தியது மணிக்கணக்கில் ஒட்டி நிற்கிறது. இது முதல் சமிக்ஞை.

இரண்டாவதும் வேண்டும். வங்கி லாக்கரை வாடிக்கையாளர் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். டி செல்லும் அப்படித்தான். கிருமியின் அறிகுறியை உணர்ந்த டென்ட்ரைட்டிக் செல் மட்டுமே பி7 என்னும் மூலக்கூறுகளைத் தன் மேல் நிறைய வைத்திருக்கும். அவை டி செல்லின் சிடி28 என்ற ஏற்பியைத் தொடும்போது இரண்டாம் சமிக்ஞை கிடைக்கிறது. ‘இவனை எனக்குத் தெரியும்’ என்பது முதலாவது. ‘இவனால் ஆபத்து’ என்பது இரண்டாவது.

முதலாவது மட்டும் கிடைத்தால் என்ன ஆகும்? 1987இல் அமெரிக்காவில் மார்க் ஜென்கின்ஸும் ரொனால்ட் ஷ்வார்ட்ஸும் இதைச் சோதித்தார்கள். வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்த மண்ணீரல் செல்களில் புரதத் துண்டை ஏற்றி, டி செல்களுக்குக் காட்டினார்கள். டி செல்கள் பெருகவில்லை. பிறகு நல்ல உயிர்ச் செல்களை வைத்து அதே துண்டைக் காட்டியபோதும் அவை அசையவில்லை. இரண்டாம் சமிக்ஞை வராத இடத்தில் டி செல் செயலற்ற நிலைக்குப் போய்விடுகிறது. தைமஸிலிருந்து தப்பி வந்த செல்கள் நம்மைத் தாக்காமல் இருப்பதற்கு இது முக்கியமான ஒரு காரணம்.

முதல் சமிக்ஞை கிடைத்ததும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. அது கால்சிநியூரின் என்ற நொதியை முடுக்குகிறது. இரண்டாம் சமிக்ஞையும் சேரும்போது, பெருக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்துக்கான மரபணு முழுமையாகத் திறக்கிறது. செல் நாளுக்கு இரண்டு முதல் நான்கு முறை பிளந்து, சில நாட்களில் ஆயிரக்கணக்காகப் பெருகிப் புண்ணை நோக்கிப் புறப்படுகிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் நாள் தவறாமல் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாத்திரைகள் அந்தக் கால்சிநியூரினைத்தான் தடுக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால், புதிய சிறுநீரகத்தை அந்நியமென்று கண்ட டி செல்கள் பெருகத் தொடங்கிவிடும்.

இந்த ஒழுங்கை மீறினால் என்ன நேரும் என்பதை 2006 மார்ச் 13 அன்று லண்டன் கண்டது. நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 என்ற புதிய மருந்து ஏற்றப்பட்டது. முதல் சமிக்ஞை இல்லாமலேயே சிடி28 வழியாக டி செல்களைத் தூண்டும் மருந்து அது. விலங்குகளில் பாதுகாப்பானது எனக் கண்ட அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல். பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. எந்தக் கிருமியும் இல்லாமலேயே ஏராளமான டி செல்கள் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டிருந்தன. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களை இழந்தார். சோதனைக்குப் பயன்பட்ட குரங்குகளின் ஒருவகை டி செல்களில் சிடி28 இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. மனிதனிடம் அது உண்டு.

இரண்டாம் சமிக்ஞையைப் பற்றிய அறிவு உயிர்களைக் காப்பாற்றவும் செய்திருக்கிறது. வேலை தொடங்கிய டி செல், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு மூலக்கூறை மேலே கொண்டுவருகிறது. அது பி7ஐச் சிடி28ஐவிட இறுக்கமாகப் பற்றி, எதிர்ப்பு அளவு மீறாமல் தணிக்கிறது. அதைத் தடுத்தால் டி செல்கள் புற்றுக்கட்டியைத் தாக்கும் என்று ஜேம்ஸ் ஆலிசன் 1996இல் எலிகளில் காட்டினார். அதன் வழி வந்த மருந்து மெலனோமா தோல் புற்றுநோய்க்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018 நோபல் பரிசு அவருக்கும், இதேபோன்ற இன்னொரு தடையை ஆராய்ந்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் கிடைத்தது.

ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில், நோயாளியின் டி செல்களை எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும் செயற்கை ஏற்பியைப் பொருத்தி மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். முதலில் வடிவமைத்த ஏற்பிகளில் முதல் சமிக்ஞைக்கான பகுதி மட்டுமே இருந்தது. அந்தச் செல்கள் உடலில் நிலைக்கவில்லை. இரண்டாம் சமிக்ஞைக்கான பகுதியையும் அதே ஏற்பியில் இணைத்த பிறகே சிகிச்சை பலித்தது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இதன் விலை வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதுவும் சாதாரணக் குடும்பத்துக்கு இன்னும் எட்டாத தொகைதான். டி செல்லை எழுப்பவும் அடக்கவும் கற்றுக்கொண்டுவிட்டோம். அந்தச் சிகிச்சையை மாவட்ட மருத்துவமனை வரை கொண்டுசேர்ப்பதே இனி செய்ய வேண்டிய வேலை.