60 ஓம் எங்கே போனது?

சென்ற மழைக்காலம் முடிந்த சில வாரங்களில் என் தம்பியின் ஹைபிரிட் கார் நின்றுபோனது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். பணிமனையில் பார்த்துவிட்டு, "என்ஜின் கம்ப்யூட்டர் போய்விட்டது" என்று சொல்லி வேறொன்றைப் பொருத்தினார்கள். ஒரே மாதத்தில் கார் மீண்டும் நின்றது. "இதுவும் போய்விட்டது, இன்னொன்று போட வேண்டும்" என்றார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தைத்தான் தம்பி முதல் முறை செலவழித்திருந்தான்.

அப்போது என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவரின் நினைவு வந்தது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கார்களில் மின்சாரம் தொடர்பான பழுதுகளைச் சரிசெய்து வருகிறார். அழைத்தவுடன் வந்தார். அவர் வேலை செய்தபோது நான் அருகிலேயே இருந்தேன். அன்று கண்டதை நம் அறிவியல் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

ஒரு காருக்குள் பல கணினிகள்

ஹைபிரிட் காரில் பெட்ரோல் என்ஜின், மின்மோட்டார் இரண்டும் உண்டு. எந்த நேரத்தில் எது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை ஒரு கணினி முடிவு செய்கிறது. பெட்ரோலை எப்போது, எவ்வளவு தெளிப்பது, தீப்பொறியை எப்போது உண்டாக்குவது என்பதை என்ஜின் கணினி பார்த்துக்கொள்கிறது. பேட்டரிக்கும் பிரேக்குக்கும் தனித்தனிக் கணினிகள் உள்ளன. என்ஜின் எப்போது இயங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளை ஹைபிரிட் கணினியிலிருந்து என்ஜின் கணினிக்கு வருகிறது. இந்த உரையாடல் அறுந்தால் என்ஜின் நன்றாக இருந்தும் பயனில்லை.

இந்த உரையாடல் நடப்பது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில். 'கேன்' எனப்படும் இந்த முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். முனைக்குச் சென்ற சைகை எதிரொலிபோலத் திரும்பி வந்து அடுத்த சைகையைக் குழப்பாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால், 1/R = 1/120 + 1/120. எனவே R = 60 ஓம்.

முதலில் சோதனை

மாணவர் உடனே கணினியைக் கழற்றிவிடவில்லை. "செத்துடுச்சான்னு முதல்ல பார்க்கணும் டீச்சர். செத்திருந்தா, எது கொன்னுச்சுன்னு பார்க்கணும்" என்றார்.

கணினிக்கு 12 வோல்ட் வருகிறதா, அதன் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. அடுத்து, சென்சார்களுக்குக் கணினி வழங்க வேண்டிய 5 வோல்ட்டை அளந்தார். அது வரவில்லை. ஏதேனும் ஒரு சென்சாரில் குறுக்குச் சுற்று ஏற்பட்டாலும் இந்த 5 வோல்ட் இல்லாமல் போகும். நல்ல கணினியும் செத்ததுபோல் தெரியும். ஆகவே சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் 5 வோல்ட் திரும்பவில்லை.

பிறகு 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பை நீக்கிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பரிசோதனைச் சாக்கெட்டில் 6ஆம், 14ஆம் பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தார். 120 ஓம் காட்டியது.

"60 எங்க டீச்சர் போச்சு?" என்று கேட்டு என்னைப் பார்த்தார். நான் ஒரு நொடி யோசித்து, "ஒரு மின்தடை துண்டிக்கப்பட்டிருக்கிறது" என்றேன். இந்தக் காரில் ஒரு முனையின் மின்தடை என்ஜின் கணினிக்குள்ளேயே இருப்பதாக விளக்கினார். சாக்கெட்டிலிருந்து கணினி வரை கம்பிகளைச் சோதித்தார், அறுபடவில்லை. கணினியின் பின்களிலேயே நேரடியாக அளந்தபோது 120 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் இணைப்பே இல்லை. கணினி செத்தது உறுதியானது.

கொன்றது எது?

கணினியின் கனெக்டரைக் கழற்றியதும் பின்களில் பச்சை படிந்திருப்பது தெரிந்தது. தாமிரம் அரித்த பச்சை. மழைநீர் மேலிருந்து விழ அங்கே வழியில்லை. கம்பிகளைத் தொடர்ந்து சென்றபோது, கீழே ஒரு சென்சாரின் ரப்பர் சீல் கிழிந்திருந்தது. அங்கிருந்து சற்றுத் தள்ளிக் கம்பியின் உறையை வெட்டிக் காட்டினார். உள்ளே தாமிர இழைகள் ஈரமாக, பச்சையாக இருந்தன.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மெல்லிய இழைகளின் இடைவெளிகள் வழியே நீர் கணினிவரை ஏறியிருக்கிறது. நாம் நடத்தும் நுண்புழை ஏற்றம்தான் இரண்டு கணினிகளையும் கொன்றது. முதல் முறை கணினியை மாற்றியவர்கள் இந்த வழியை அடைக்கவில்லை.

மாற்றும் முறை

சென்சார், அதன் கம்பிகள், கனெக்டர் ஆகியவற்றை முதலில் புதிதாக்கினார். அதே பாக எண் கொண்ட கணினியைத் தேடி வாங்கினார். தோற்றம் ஒன்றாக இருந்தாலும் எண் மாறினால் உள்ளிருக்கும் மென்பொருள் மாறிவிடும்.

வேலை முழுவதும் காரின் ஸ்மார்ட் சாவியைத் தொலைவில் வைத்திருந்தார். "சத்தம் இல்லைன்னா கார் ஆஃப்ல இருக்குன்னு நினைச்சிடாதீங்க டீச்சர். 'ரெடி' விளக்கு எரிஞ்சா என்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும்" என்றார்.

ஆரஞ்சு நிறக் கேபிள்களை அவர் தொடவே இல்லை. அவை உயர் மின்னழுத்தக் கேபிள்கள். டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறை காரை எடுத்துக்கொள்வோம். அதில் 1.2 வோல்ட் மின்கலங்கள் 168 தொடர் இணைப்பில் உள்ளன, மொத்தம் 201.6 வோல்ட். உயிரைப் பறிக்க இது போதும். உயர் மின்னழுத்தப் பகுதியில் வேலை செய்வோர் காப்புக் கையுறை அணிந்து சர்வீஸ் பிளக்கைக் கழற்ற வேண்டும். மின்தேக்கிகளில் உள்ள மின்னூட்டம் வடியும்வரை கையேட்டில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே தொட வேண்டும்.

கணினியைப் பொருத்தியதோடு வேலை முடியவில்லை. காரின் அடையாள எண்ணை அதில் எழுத வேண்டும். திருட்டுத் தடுப்பு அமைப்பு புதிய கணினியை ஏற்கும்படி பதிவு செய்ய வேண்டும். எழுதும் நடுவில் 12 வோல்ட் குறைந்தால் புதிய கணினியே வீணாகலாம். அதனால் பேட்டரிக்குச் சீரான மின்வழங்கியை இணைத்திருந்தார். இறுதியாகப் பிழைக் குறியீடுகளை அழித்து, காரை ஓட்டிப் பார்த்து, மறுபடியும் மீட்டரை வைத்தார். 60 ஓம்.

வகுப்பறைக்கு

கிளம்பும்போது, "நீங்க போர்டுல போட்ட கணக்குதான் டீச்சர்" என்றார். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அன்று அந்தக் கணக்கைப் போட்டபோது, "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டவர் இவரேதான். "பொதுத்தேர்வில் வரும்" என்பதுதான் நான் சொன்ன பதில்.

இந்த ஆண்டு மின்னோட்டவியல் பாடத்தை வேறுவிதமாகத் தொடங்கினேன். பழுப்பு, சிவப்பு, பழுப்பு வளையங்கள் கொண்ட 120 ஓம் மின்தடைகளை வாங்கினேன். ஒவ்வொரு குழுவுக்கும் முறுக்கிய இரு கம்பிகளின் முனைகளில் இரண்டை இணைத்துக் கொடுத்தேன். பேட்டரி தேவையில்லை, மல்டிமீட்டர் போதும். சில குழுக்களின் கம்பியை உறைக்குள்ளேயே அறுத்து வைத்திருந்தேன். சிலவற்றில் இரு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும்படி செய்திருந்தேன். 60, 120, 0 என்று எண்களைக் கண்டவர்கள், நான் சூத்திரம் எழுதும் முன்பே காரணத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

ஒரு குழு "எங்க மின்தடை கெட்டுப்போச்சு, வேற குடுங்க டீச்சர்" என்று கேட்டது. "கெட்டதை எப்படி உறுதி செய்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். மீண்டும் அமர்ந்து அளந்தார்கள். அறுந்திருந்தது கம்பி, மின்தடை நன்றாகவே இருந்தது.