பிரெஞ்சு மொழியை நாடிய மூவர்

பிரெஞ்சு மொழியைக் கற்கத் தொடங்குவோர் முதல் வாரத்திலேயே இரண்டு இடர்களைச் சந்திக்கின்றனர். தமிழிலே மேசையும் புத்தகமும் அஃறிணை; பிரெஞ்சிலோ மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். சொற்களின் ஈற்றில் எழுதப்படும் மெய்யெழுத்துக்களுட் பல ஒலிக்கப்படுவதுமில்லை. இத்தகைய இடர்களைக் கடப்பதற்கு இலக்கண நூலும் அகராதியும் மட்டும் போதா. கற்பவர் உள்ளத்தில் வலிய காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். அக்காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதற்கேற்ப மொழி அளிக்கும் பயனும் வேறுபடும். மூவரின் வாழ்க்கை இதனை நன்கு விளக்குகின்றது.

முதலாமவர் தோரு தத். 1856 ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த இவர், 1869 இல் குடும்பத்தாருடன் ஐரோப்பா சென்று, தென் பிரான்சிலுள்ள நீஸ் நகரப் பள்ளியொன்றிற் சில மாதங்களே பயின்றார். ஆங்கிலேயர் ஆண்ட வங்காளத்திலே பதவிக்கு வேண்டிய மொழி ஆங்கிலமே. எனினும் பிரெஞ்சுக் கவிதையின்மீது கொண்ட காதல் அவரை விடவில்லை. தாயகம் மீண்டபின், 1876 இல் பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். மறு ஆண்டு, இருபத்தொரு வயதில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற ஏடுகளிடையே பிரெஞ்சில் எழுதிய நாவலொன்று கிடைத்தது. அது 1879 இல் பாரிஸில் வெளிவந்தது.

இரண்டாமவர் அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கற். டப்ளின் பல்கலைக்கழகத்திற் பிரெஞ்சு பயின்ற அவருக்கு ஆங்கிலத்திற் சொல்வளம் மிகுதி. அவ்வளமே அவருக்குத் தடையாயிற்று. பழகிய மொழியில் அலங்காரம் தானே வந்து சேரும். கற்ற மொழியிலோ ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தே எடுத்தல் வேண்டும். நடையலங்காரமின்றி எழுதுவதற்குப் பிரெஞ்சே எளிது என அவர் கருதினார். 1953 இல் பாரிஸில் மேடையேறிய ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ அவ்வாறு பிரெஞ்சில் எழுதப்பட்ட நாடகமே. பின்னர் அவரே அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார்.

மூன்றாமவர் அங்கேரி நாட்டு அகோத்தா கிறிஸ்தோப். 1956 இல் கணவருடனும் கைக்குழந்தையுடனும் எல்லையைக் கடந்து ஓடிய அவர், சுவிற்சர்லாந்திற் பிரெஞ்சு பேசும் நகரமொன்றை அடைந்து, கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஐந்து ஆண்டுகளிற் பேச்சு வந்தது, வாசிப்பு வரவில்லை. நான்கு வயதிலேயே நூல் வாசித்தவர், மீண்டும் எழுத்தறியாதவரானார். பின்னர் பல்கலைக்கழக வகுப்பிற் சேர்ந்து பயின்றார். 1986 இல் வெளிவந்த முதல் நாவல் அவருக்கு உலகப் புகழ் தந்தது. எனினும், தம் தாய்மொழியை அழிக்கின்றதெனக் கூறிப் பிரெஞ்சைப் பகைமொழி என்றே அவர் குறிப்பிட்டார்.

ஒருவருக்குக் காதல், ஒருவருக்குக் கட்டுப்பாடு, ஒருவருக்குப் பிழைப்பு. முதலிருவரும் பிரெஞ்சைத் தாமே தேடிச் சென்றனர். மூன்றாமவரோ அதனிடம் தள்ளப்பட்டார். இலங்கையிலிருந்து போரினாற் பெயர்ந்து பிரான்சை அடைந்த தமிழர் பலர் நன்கறிந்த காரணமும் இம்மூன்றாவதே. விரும்பிக் கற்பவருக்குப் புதிய மொழி வரவு மட்டுமே. வேறு வழியின்றிக் கற்பவரோ, வரவோடு இழப்பையும் கணக்கிட வேண்டியவராகின்றார். தாய்மொழியை வீட்டிலே பேணுதல் அவருக்கு இரண்டாவது கல்வியாகும். அதற்கு ஆசிரியரும் அவரே.