வாழை முடிக்கொத்து வியாதியைச் சோதனைச்சாலையில் கண்டறிதல்

நுனி இலைகள் குறுகி, விறைத்து, ஒன்றோடொன்று நெருங்கிக் கொத்தாக நிற்கும் வாழையைக் கண்டால், அது முடிக்கொத்து வியாதியென்று அனுபவமுள்ள குடியானவர் எவரும் சொல்லிவிடுவர். இலைக்காம்பிலும் நரம்புகளிலும் தந்திக் குறிகளைப்போலப் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீறல்கள் காணப்படும். அத்தகைய மரத்திற்குச் சோதனைச்சாலை வேண்டுவதில்லை, மண்வெட்டியே போதும். சங்கடமெல்லாம் குறி தோன்றாத கன்றினால்தான் நேரிடுகிறது. வியாதியுற்ற தாய்மரத்தின் பக்கக்கன்று சில சமயம் பார்வைக்குக் கொழுமையாகவே இருக்கும். அதை நம்பி நட்டவர் குழி, எரு, கூலி யாவும் செலவிட்ட பின்னரே உண்மையை அறிவார். கீழ்ப்பழனி மலைகளில் விருப்பாட்சி வாழை பெரிதும் அழிந்தமைக்கு இவ்வியாதியே முக்கிய காரணமாகும்.

இவ்வியாதி வாழைப்பேன் என்னும் அசுவினியினால் பரவுகிறதென்பதை 1927இல் ஆஸ்திரேலியாவில் மேகி என்பவர் நிரூபித்தார். ஆயினும் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அது அவ்வளவு நுண்ணியது. 50,000 வைரஸ் துகள்களை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளமே வரும். சாதாரண பூதக்கண்ணாடிக்கு அது அகப்படாது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலேயே தென்படும்.

ஆதலின் வைரஸைக் காண முயலாமல், அது இருப்பதற்கு அடையாளம் தேடுவதே இக்காலத்து முறை. 1977 முதல் பயிர் வியாதிகளுக்கு வழங்கிவரும் எலிசா சோதனை அவற்றுள் ஒன்று. முயல் போன்ற பிராணியின் உடலில் வைரஸைச் செலுத்தினால், அதன் இரத்தத்தில் அவ்வைரஸை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. இதை 96 சிறு குழிகளுள்ள தட்டில் படியவைத்து, இலைச்சாற்றை ஊற்றிக் கழுவுவர். சாற்றில் வைரஸ் இருந்தால் அது ஒட்டி நிற்கும். பின்னர் நொதி சேர்த்த எதிர்ப்பொருளையும், நிறம் தரும் மருந்தையும் விட்டால் குழி மஞ்சளாகும். நூற்றுக்கணக்கான கன்றுகளைச் சோதிக்க இது மலிவானது. ஆனால் வைரஸ் மிகக் குறைவாயிருப்பின் ஏமாற்றிவிடும்.

பி.சி.ஆர். என்னும் முறை இதனினும் கூர்மையானது. இதில் வைரஸின் மரபுப்பொருளில் ஒரு துண்டை இரட்டிக்கச் செய்கிறார்கள். சாற்றைச் சுமார் 94 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கி, குளிர்வித்து, மீண்டும் 72 டிகிரிக்கு உயர்த்துவது ஒரு சுற்று. சுற்றுக்குச் சுற்று இரட்டித்தால், ஒரு துண்டு 30 சுற்றுகளில் நூறு கோடிக்கு மேலாகப் பெருகும். இக்கூர்மையே ஓர் அபாயமுமாகும். முடிக்கொத்து வைரஸ் தோட்டத்தில் கத்தியினால் பரவுவதில்லை. ஆனால் வியாதி மரத்தை அறுத்த கத்தியைக் கழுவாமல் நல்ல மரத்தின் மாதிரியை அறுத்தால், ஒட்டியிருந்த சாறே நல்ல மரத்தையும் குற்றவாளியாக்கிவிடும். மாதிரிகளை வெவ்வேறு பைகளிலிட்டு, மர எண்ணைக் குறித்தனுப்புவது அவசியம்.

திசு வளர்ப்புக் கன்று வாங்குவோர், திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இடத்தில் தாய்மரம் சோதிக்கப்பட்டதற்குச் சான்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. வைரஸ் இல்லையென்ற சான்று, நட்ட பின்னர் பேன் கொண்டுவருவதைத் தடுக்காது. நட்ட தோட்டத்தை அடிக்கடி பார்வையிட்டு, வியாதி மரம் தென்பட்டால் முதலில் பேன்களை மருந்தடித்துக் கொன்று, பிறகே கிழங்கோடு தோண்டி அழிக்கவேண்டும். முன்னதாக வெட்டினால் பேன்கள் அடுத்த மரத்துக்குக் குடிபெயரும்.