பெயர் மாறிய கோப்பைக் கிட் எப்படி அடையாளம் காண்கிறது?

கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காத்துவைக்கும் கிட் மென்பொருளில் ஒரு கோப்புக்குப் புதுப் பெயர் வைக்க 'கிட் எம்.வி.' என்றொரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் பெயர் மாறிய செய்தி எங்கோ பதிவாகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பதிவாவதில்லை. பழைய பெயரை நீக்கி, புதிய பெயரைச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது.

ஏன்? 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியபோது, ஒவ்வொரு கமிட்டும், அதாவது நாம் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும், கோப்புகளின் முழு நிலையையும் குறிக்கும்படி அமைத்தார். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ்தான் அதன் அடையாளம். பெயர் இருப்பது வேறு இடத்தில். பெயர் மாறினாலும் அந்த ஹேஷ் மாறாது.

வரலாற்றைக் கேட்கும்போதுதான் கிட் துப்பறியத் தொடங்குகிறது. மறைந்த கோப்பையும் புதிதாக வந்த கோப்பையும் ஒப்பிட்டு, 50 சதவீதமாவது ஒத்திருந்தால் பெயர் மாற்றம் என்று காட்டும். அதே ஆண்டு பிறந்த, இதே வேலையைச் செய்யும் மெர்க்கூரியல் மென்பொருள் அப்படியல்ல. பெயர் மாற்றத்தைக் கமிட்டிலேயே எழுதி வைத்துவிடும். எனக்குக் கிட்டின் வழியே பிடிக்கும்: கட்டளையை மறந்து, கோப்பைக் கையால் நகர்த்தியவருக்கும் அது தடத்தைத் தேடித் தருகிறது. ஆனால் பெயரை மாற்றிய கமிட்டிலேயே கோப்பின் பெரும்பகுதியையும் திருத்தி எழுதினால் தடம் அறுந்துவிடும். பெயர் மாற்றத்தை முதலில் தனிக் கமிட்டாகப் போட்டுவிடுங்கள்.