பிராக் நகரில் கற்க வேண்டியது

அன்னிய தேசத்து மாணவர்கள் பலர் ஓர் அரையாண்டுக் காலம் பிராக் நகரில் தங்கி, கதையும் கவிதையும் புனையும் கலையையும், சித்திரத்தையும், செக் நாகரிகத்தையும் பயின்று திரும்புகின்றனர். நம் வாலிபர்களும் செல்லலாம். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் இம்மாணவர்களுக்கென ஏற்பட்ட பாடங்கள் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே நடைபெறுகின்றன. செக் பாஷையில் பத்து வார்த்தை அறியாதவனும் செக் நாகரிகத்தில் தேறியவனாக ஊர் திரும்பலாம். இது போதாது என்பதே நமது அபிப்பிராயம்.

அந்நாட்டின் சரித்திரத்தைக் கவனியுங்கள். 1620-ஆம் வருஷம் வெள்ளைமலைப் போரில் ஹாப்ஸ்பர்க் படைக்குத் தோற்ற பின், செக் பாஷை ஆட்சியிலும் உயர்கல்வியிலும் படிப்படியாக இடமிழந்து, பெரும்பாலும் உழவர்களின் பாஷையாக ஒடுங்கிற்று. செக் இலக்கிய சரித்திரத்தை ஆராய்ந்த பேரறிஞர் தோப்ரோவ்ஸ்கியே தமது நூலை 1792-ல் ஜெர்மன் பாஷையில்தான் வெளியிட்டார். இந்நிலையில் யுங்மன் என்னும் பள்ளி ஆசிரியர், செக்கில் எதையும் சொல்ல முடியும் என்று காட்டத் துணிந்தார். மில்டனின் மகாகாவியத்தை 1811-ல் செக்கில் பெயர்த்தார். இல்லாத சொற்களைத் தேடியும் ஆக்கியும் சேர்த்தார். அவருடைய ஐந்து தொகுதி அகராதி 1839-ல் முற்றுப்பெற்றது.

பாஷை எழவே தேசமும் எழுந்தது. 1881 ஜூன் மாதம் திறக்கப்பட்ட தேசீய நாடகசாலை ஆகஸ்டு மாதமே தீக்கிரையாயிற்று. ஜனங்கள் சோர்ந்தார்களில்லை; 47 நாட்களில் சுமார் பத்து லட்சம் குல்டன் நாணயம் திரட்டி, 1883-ல் அதை மீண்டும் திறந்தனர். தேசம் தனக்குத் தானே அளித்துக்கொண்டது என்னும் பொருளுள்ள வாசகம் மேடையின் மேல் இன்றும் விளங்குகிறது. 1918-ல் சுதந்திரம் கிட்டியது. 1939 நவம்பர் 17-ந் தேதி நாஜிகள் செக் ஸர்வகலாசாலைகளை மூடி, ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைச் சிறைமுகாமுக்கு அனுப்பினர். தாய்ப்பாஷையில் நடக்கும் வகுப்பின் வலிமையைப் பகைவன் நன்கறிந்திருந்தான்.

பிராக் நகரத்துக் காப்கா ஜெர்மன் பாஷையில் எழுதி உலகப் புகழ் பெறவில்லையா என்று சிலர் கேட்கலாம். ஜெர்மன் அவருடைய வீட்டுப் பாஷை. எனினும் அவர் செக்கையும் அறிந்திருந்தார். தமது கதையைச் செக்கில் மொழிபெயர்த்த மிலேனா என்னும் மாதரசியைச் செக்கிலேயே தமக்குக் கடிதம் எழுதும்படி வேண்டினார்.

பாஷையறியாதவன் இழப்பது யாது? ஓர் உதாரணம் கூறுவோம். 'ரோபோ' என்னும் சொல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. 1920-ல் காரெல் சாபெக் எழுதிய நாடகத்திற்கு, ஓவியராகிய அவர் தமையன் யோசெப் எடுத்துக் கொடுத்த சொல் அது. செக்கில் 'ரொபோதா' என்பது பண்ணையடிமைகள் கூலியின்றிச் செய்த கட்டாய ஊழியம். நம் நாட்டில் 'வெட்டி' என்று வழங்கியது. இதையறிந்து அந்நாடகத்தைப் படிப்பவனுக்கு அது இயந்திரக் கதையன்று, உழைப்பாளியின் கதை. யோசெப் 1945-ல் நாஜிச் சிறைமுகாமில் மாண்டார்.

பிராகில் பிறந்த கமில் சுவலெபில் தமிழை முறையாகப் பயின்று, நம் இலக்கியத்தின் பெருமையை உலகறிய எழுதினார். பிறர் மொழிபெயர்ப்போடு அவர் நின்றுவிடவில்லை. அந்நகருக்குச் செல்லும் தமிழ் வாலிபன் அதே மரியாதையைச் செக்குக்குச் செலுத்த வேண்டாமா? ஆறு மாதத்தில் ஒரு பாஷையில் புலமை வராது. பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படிக்கவும், கடைக்காரருடன் இரண்டு வார்த்தை பேசவும் வரும். அதைச் செய்க. திரும்பி வந்ததும், கற்ற வித்தையைத் தமிழில் காட்டுக. யுங்மன் செய்தது அதுவே.