ஒரே பெயர், இரண்டு விலை

பேட்டரி இல்லாமல் ஓடும் கைக்கடிகாரம் வாங்க ஆசைப்படுகிறவரை முதலில் குழப்புவது விலைதான். சீகோ 5 வரிசையில் நல்ல ஆட்டோமேட்டிக் வாட்ச் முப்பதாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். அதே ஜப்பானியக் குழுமத்தின் கிராண்ட் சீகோ என்றால் லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஓட்டுவது சுருண்டு அவிழும் ஒரு ஸ்பிரிங்தான். பிறகு எதற்கு இத்தனை வித்தியாசம்?

நேரத்திலிருந்து தொடங்குவோம். சீகோ 5-இல் உள்ள 4ஆர்36 இயந்திரம் ஒரு நாளில் 45 நொடி முந்தலாம், 35 நொடி பிந்தலாம் என்று நிறுவனமே சொல்கிறது. கிராண்ட் சீகோவின் 9எஸ்65 இயந்திரத்துக்கு அந்த வரம்பு 5 நொடியும் 3 நொடியும். பெரிய இடைவெளிபோலத் தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு 86,400 நொடிகள். அதில் 45 நொடி தவறினாலும் மலிவான வாட்ச் 99.95 சதவீதம் சரியாகத்தான் ஓடுகிறது.

எனக்கு வியப்பு இங்கேதான். கையை அசைக்கும்போது உள்ளே ஓர் எடைத்தட்டு இரு பக்கமும் சுழலும். எந்தப் பக்கம் சுழன்றாலும், இரண்டு கொக்கிகள் கொண்ட சிறு நெம்புகோல் பல்சக்கரத்தை ஒரே திசையில் நகர்த்தி ஸ்பிரிங்கை முறுக்கேற்றுகிறது. ஒரு கொக்கி தள்ளும், மற்றது இழுக்கும். 1959-இல் சீகோ கொண்டுவந்த இந்த ‘மேஜிக் லீவர்’ உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஆட்டோமேட்டிக் வாட்சைச் சாதாரணச் சம்பளக்காரர் கைக்கும் கொண்டுவர உதவியது. சிக்கனத்தில் பிறந்த இவ்வளவு அழகான வடிவமைப்பு வாட்ச் உலகில் அதிகம் இல்லை.

மிச்சமிருக்கும் அந்த 0.05 சதவீதத்தோடு மல்லுக்கட்டத்தான் பெரும்பணம் போகிறது. ஓட்டத்தின் வேகத்தை முறைப்படுத்தும் பேலன்ஸ் சக்கரம் மல்லாந்திருக்கும்போது ஒரு வேகம், செங்குத்தாக நிற்கும்போது வேறு வேகம்; புவியீர்ப்பு அதை விடுவதில்லை. குளிரும் வெயிலும் தம் பங்குக்கு மாற்றும். அதனால் கிராண்ட் சீகோவின் ஒவ்வொரு மெக்கானிக்கல் இயந்திரத்தையும் ஆறு நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில், 17 நாள் சோதிக்கிறார்கள். சீகோ 5 நொடிக்கு ஆறு முறை துடிக்கும். 9எஸ்65 எட்டு முறை. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கழற்றி வைத்தால், 41 மணி நேரம் தாங்கும் சீகோ 5 ஞாயிறு நண்பகலில் நின்றுவிடும். 72 மணி நேரம் தாங்கும் 9எஸ்65 திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் துல்லியம் மட்டும் போதுமென்றால் இரண்டுமே வேண்டாம். 1969 டிசம்பரில் இதே சீகோ வெளியிட்ட, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச், மாதத்துக்கு ஐந்து நொடிதான் தவறியது. இன்று சில நூறு ரூபாய் குவார்ட்ஸ்கூட இந்த இரண்டையும் தோற்கடிக்கும்.

ஆகவே கிராண்ட் சீகோவுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மனிதக் கைக்குக் கொடுப்பது. ‘ஸாராட்ஸு’ என்ற மெருகேற்றும் முறையில் தொழிலாளி வாட்சின் உடலைச் சுழலும் தட்டில் பிடித்து, பிம்பம் வளையாத கண்ணாடிப் பரப்பாக்குகிறார். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் விளிம்பு மழுங்கிவிடும். இவாத்தே மாகாணத்தின் ஷிசுகுயிஷி பட்டறையில் இயந்திரங்களைக் கையால்தான் பூட்டுகிறார்கள். முள்ளின் விளிம்பில் விளக்கொளி பட்டுத் திரும்புவதை ஒருமுறை பார்த்தால் இந்த உழைப்பு புரியும், புகைப்படத்தில் புரியாது.

முதல் மெக்கானிக்கல் வாட்ச் வாங்குகிறவருக்கு நான் சொல்வது சீகோ 5தான். தினமும் நொடிக்கணக்கில் முந்தினால் பதற வேண்டாம். நல்ல மெக்கானிக் கருவியில் வைத்துப் பார்த்து வேகத்தைத் திருத்திவிடுவார். பழைய வாட்ச் வாங்கினால் மட்டும் உள்ளே 7எஸ்26 இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குச் சாவி கொடுக்க முடியாது, நொடிமுள்ளை நிறுத்தி நேரம் வைக்கவும் முடியாது. கிராண்ட் சீகோ வாங்க வசதி இருப்பவர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சர்வீஸ் செலவையும் முதலிலேயே விசாரித்துவிட்டு, கடையில் நிதானமாகக் கையில் கட்டிப் பார்த்து முடிவெடுக்கட்டும்.